ம் கொட்டாத வரை

நெட் வேகம் ஆயிரத்து முந்நூறு என்று அட்டையில் போட்டிருக்கிறான். திரையில் ஒன்பது என்று வருகிறது. மறுபடி அழுத்துகிறேன், முள் துள்ளி எழுந்து பதினான்கைத் தொட்டுவிட்டு, தெரியாமல் தொட்டுவிட்டேன் என்பதுபோல ஆறில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோபப்படக் கூடாது, இன்றைக்குக் கோபப்பட எனக்கு நேரமில்லை, பதினோரு மணிக்குப் பரிதி வருகிறான். வருகிறான் என்றால் இந்தத் திரையில் வருகிறான், பெங்களூரில் அவன் அறையில் உட்கார்ந்துகொண்டு, திருச்சி புத்தூரில் அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கும் என்னைப் பார்த்து, போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறான், கையால் சொல்லப்போகிறான். பரிதிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, அவனுடைய பேச்சு, கோபம், கிண்டல் எல்லாம் கைதான். அன்று சாயங்காலமே அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது, உன் கேள்விக்குப் பதில், எழுத மாட்டேன், பெரிய விஷயம், கையில் சொல்வேன், நல்ல நெட் போடு, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு எமோஜி பொம்மைகூட அனுப்பவில்லை. எழுதிவிட்டால் என்னவாம், ஒரு சொல், ஆமாம் அல்லது வேண்டாம். ஆனால் அவனைக் குறை சொல்ல முடியாது, எழுத்து நம்முடைய பாஷை, அவன் பள்ளிக்கூடத்தில் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது, கைதான் அவனுடைய சொந்தப் பாஷை, பெரிய விஷயத்தைச் சொந்தப் பாஷையில்தான் சொல்வேன் என்கிறான், நியாயம்தான். நியாயத்துக்கு இந்த நெட் ஒத்துழைக்க வேண்டுமே. குரல் கொஞ்சம் விட்டு விட்டு வந்தால் நாம் ஊகித்துக்கொள்வோம், கை விட்டு விட்டு வந்தால் எதை ஊகிப்பது, பாதியில் நின்றுபோன கை எதை வேண்டுமானாலும் சொல்லும். பூப்போட்ட சுடிதாரைக் கழற்றிவிட்டுக் கருநீலத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பூவுக்கு முன்னால் என் கை அவனுக்குத் தெரியாது, வெறும் நீலத்துக்கு முன்னால் பளிச்சென்று தெரியும். முப்பத்தாறு வயதில் ஒருத்தி தன் கை நன்றாகத் தெரிய வேண்டும் என்று உடுத்திக்கொள்கிறாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

அப்படி என்ன கேட்டேன். வாயால் கேட்கவில்லை, அவன் எனக்குக் கற்றுக்கொடுத்த சைகைகளாலும் கேட்கவில்லை, ப்ரூஃப் குறியால் கேட்டேன். இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது, எங்கள் இரண்டு பேருக்குத்தான் புரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடும் ஒரு அச்சகத்தில் நான் ப்ரூஃப் பார்க்கிறவள், அவன் போன தை வரைக்கும் அங்கே கணினியில் பக்கம் கட்டுகிறவன். நான் சிவப்பு மையால் குறி போட்ட தாள் அவன் மேசைக்குப் போகும், அவன் திருத்திய தாள் என் மேசைக்கு வரும், சைகை மொழியில் ஒன்றுமே தெரியாத காலத்திலேயே நான் அவனோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஒரு சொல்லை எடுத்துவிடு என்றால் அதன் மேல் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு சுழி. பிரிந்து நிற்கும் இரண்டு எழுத்தைச் சேர்த்துவிடு என்றால் இடைவெளிக்கு மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. அடித்தது தப்பு, அது அங்கேயே இருக்கட்டும் என்றால் அடித்த சொல்லுக்குக் கீழே மூன்று புள்ளி. தாளில் கிடந்த குறிகள் எப்போது காற்றுக்கு வந்தன என்று ஞாபகமில்லை, மேனேஜர் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினால் பரிதி அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய சுழி போடுவான், நான் தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பேன். போன ஞாயிறு, இதே அறையில், போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, என்னைச் சுட்டிக் காட்டினேன், அவனைச் சுட்டிக் காட்டினேன், நடுவில் இருந்த காற்றுக்கு மேலே ஒரு வளைவு போட்டேன், கீழே ஒரு வளைவு போட்டேன். இடைவெளி வேண்டாம், சேர்த்துவிடு. அந்த நேரம் பார்த்து நெட் போயிற்று. அவன் முகம் அரைக் கண் மூடிய மாதிரி அப்படியே நின்றது, திரும்பி வந்ததும், என்ன, நின்றுபோச்சு, மறுபடி சொல் என்றான். மறுபடி சொல்ல என்னால் முடியவில்லை. ஒருமுறைக்குத்தான் தைரியம் சேர்த்து வைத்திருந்தேன், அது தீர்ந்துபோயிற்று, ஒன்றுமில்லை என்று சொல்வதற்குப் பதிலாகக் கை தானாக ஒரு சுழி போட்டுவிட்டது. எடுத்துவிடு. அவன் ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். வளைவு அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா, சுழி மட்டும் போய்ச் சேர்ந்ததா, உன் கேள்வி என்கிறானே எந்தக் கேள்வி, ஒரு வாரமாக இதுதான் என் தலைக்குள் ஓடுகிறது, ப்ரூஃபில் உட்கார்ந்தால்கூட ஒற்று விட்டது தெரியாமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

அதனால்தான் இந்தக் குச்சி. குச்சி என்பதுகூட அதிகம், கட்டை விரல் நகம் அளவு இருக்கிறது, கணினியின் யூஎஸ்பி துளையில் செருகினால் வைஃபை வந்துவிடும் என்றான் சிங்காரத்தோப்புக் கடைக்காரன். "ஆயிரத்து முந்நூறு மேடம், பறக்கும், நேத்து ஒருத்தர் வாங்கிட்டுப் போயி போன் பண்ணித் தேங்ஸ் சொன்னாரு" என்றான். பறப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அட்டையை மறுபடி எடுத்துத் திருப்புகிறேன், பின்பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் என்னவோ இருக்கிறது, பொடி எழுத்து என்றால் என் கண் சும்மா இருக்காது, சோறு போடும் எழுத்தல்லவா அது. நானூறு கூட்டல் எண்ணூற்று அறுபத்தேழு. கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து இருநூற்று அறுபத்தேழு, அதைத்தான் முழுசாக்கி ஆயிரத்து முந்நூறு என்று முன்பக்கத்தில் போட்டிருக்கிறான், எங்கள் நோட்ஸில் இப்படி விடை போட்டால் நான் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். அதுவும் போகட்டும், எதற்காகக் கூட்டினான் என்று தேடிப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. காற்றில் இரண்டு பாதை இருக்கிறதாம், ஒன்று மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டி வரும், இன்னொன்று வேகமானது, ஆனால் ஒரு சுவரைக் கண்டாலே சோர்ந்துபோகும். இந்தக் குச்சி ஒரு நேரத்தில் ஒரு பாதையில்தான் போக முடியும். போகாத பாதையின் வேகத்தையும் கூட்டி அட்டையில் போட்டுவிட்டான். போன வருஷம் அண்ணன் கொண்டுவந்த வரன் ஒன்று ஞாபகம் வருகிறது, மாப்பிள்ளை சம்பளம் என்று தரகர் சொன்னதைக் கேட்டு அண்ணன் வாயைப் பிளந்தார், விசாரித்தால் மாப்பிள்ளையும் தம்பியும் வாங்குவதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார், கூட்டுக் குடும்பம்தானே சார் என்றாராம். அட்டைக்காரனும் அந்தத் தரகரும் ஒரே இடத்தில்தான் படித்திருக்க வேண்டும். அந்த நானூறும் எண்ணூற்றுச் சொச்சமும்கூட உண்மையான வேகம் இல்லையாம், சுவர் இல்லாத, பக்கத்து வீடு இல்லாத ஒரு சோதனை அறையில் ரூட்டரையும் குச்சியையும் எதிரெதிரே வைத்து அளந்த கணக்கு. எண்ணுக்கு முன்னால் ரொம்பச் சின்னதாக ஆங்கிலத்தில் அப் டு. அதாவது வரை. ஆயிரத்து முந்நூறு வரை. எவ்வளவு நல்ல சொல் அது, எவ்வளவு கெட்ட சொல். வரை என்றால் எல்லை, அதற்கு மேல் போகாது என்று மட்டும்தான் பொருள், அது வரைக்கும் வரும் என்று யார் சொன்னது. எம்.ஏ. தமிழில் படித்தேனே, பழைய பாட்டில் வரைதல் என்றால் மணம் முடித்தல், எப்போதடா வரைவாய் என்று தலைவியின் தோழி தலைவனைப் போட்டு நெருக்குவாள், அதற்கு வரைவு கடாதல் என்று பேர்கூட உண்டு. எனக்குத் தோழி இல்லை, நானே போய் நெருக்கியாயிற்று, அதுவும் நெட் இல்லாத நேரத்தில்.

குச்சியை முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்குகிறேன், முன்பக்கத்தில் இருப்பது பழைய துளை, அது எவ்வளவு தின்னுமோ அவ்வளவுதான் குச்சியால் ஊட்ட முடியும். பின்பக்கம் நீல நிறத்தில் ஒரு துளை இருக்கிறது, அது புதுசு, வேகமானது, மேசைக்குக் கீழே தவழ்ந்துபோய்ச் செருகுகிறேன், தலை இடிக்கிறது, வெளியே வந்து பார்த்தால் ஐந்து. குறைந்துவிட்டதே. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருக்கிறார்கள், நீலத் துளையில் வேலை நடக்கும்போது அதுவே ஒரு இரைச்சலைக் கிளப்பும், அந்த இரைச்சல் மெதுவான பாதை போகும் அதே இடத்தில்தான் போய் விழும், அதோடு குச்சி இப்போது இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறது, அதற்கும் ஹாலில் இருக்கும் ரூட்டருக்கும் நடுவில் அண்ணன் கல்யாணத்துக்கு வந்த கோத்ரெஜ் பீரோ. பாவம், நகம் அளவு ஆன்டெனாவை வைத்துக்கொண்டு அது என்னதான் செய்யும். ஒயர் இழுத்துவிடலாம் என்றால் ஹாலைத் தாண்டி, சமையலறை வாசலைத் தாண்டி வர வேண்டும், அண்ணி தடுக்கி விழுவார். போனை எடுத்துக்கொண்டு ஹாலில் போய் உட்காரலாம், ரூட்டர் தலைக்கு மேலேயே இருக்கிறது, யாருக்கும் சைகை மொழி தெரியாது, என்ன பேசினாலும் புரியாது. ஆனால் அண்ணிக்குக் கை தெரியாவிட்டாலும் முகம் தெரியும், என் முகத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் கதை முழுவதையும் படித்துவிடுவார். அண்ணன் கறி வாங்கப் போயிருக்கிறார். அண்ணி இஞ்சி பூண்டு வாசனையோடு வாசலில் வந்து நிற்கிறார், கையில் கரண்டி.

"என்ன தமா, அந்தக் குச்சியோட இன்னுமா மல்லுக்கட்டுற?"

"ஆயிரத்து முந்நூறு வரும்னு போட்டிருக்கான் அண்ணி, அஞ்சுதான் வருது."

"நம்ம வீட்டுக்கு வர்ற கனெக்‌ஷனே நூறுதான்னு உங்கண்ணன் சொல்வாரே. அப்புறம் எப்படி ஆயிரம் வரும்?" என்றவர் என் சுடிதாரை ஏற இறங்கப் பார்க்கிறார். "ஆபீஸ் மீட்டிங்கா?"

"ஆமா அண்ணி. முக்கியமான மீட்டிங். அண்ணி, ஒரு உதவி, அந்த மைக்ரோவேவ் மட்டும் கொஞ்ச நேரம் போடாதீங்க. அது ஓடுனா நெட் அறுந்துபோகுது."

"அடுப்புக்கும் நெட்டுக்கும் என்னடி சம்பந்தம்? சரி சரி, போடல. முகத்த ஏன் அப்படி வச்சிருக்க, மீட்டிங்குக்குப் போற மூஞ்சியா இது." கரண்டியை ஆட்டிக்கொண்டே போய்விடுகிறார், போகும்போது, "நேத்து சீரியல்ல என்ன ஆச்சுன்னு உனக்குச் சொல்லணும், மறக்காம ஞாபகப்படுத்து" என்கிறார்.

சீரியல். அண்ணி சீரியல் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றால் ம் கொட்ட வேண்டும். அவ சொத்த எழுதிக் கேட்டா, ம், இவன் முடியாதுன்னுட்டான், ம், அங்கதான் ஒரு டிவிஸ்ட்டு, ம். ஒரு இடத்தில் ம் விட்டுப்போனால் அண்ணி நிறுத்திவிடுவார், கேக்குறியா இல்லையா என்பார், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னாலும் நம்ப மாட்டார், சொத்து எழுதிக் கேட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். இதுதான். இதேதான். நேற்றுப் படித்தபோது புரியாத ஒரு இடம் இப்போது சட்டென்று புரிகிறது, உட்கார்ந்த இடத்திலேயே எனக்குப் புல்லரிக்கிறது. வைஃபையும் ம் கொட்டுகிறது. ரூட்டர் ஒரு துண்டை அனுப்பினால் குச்சி வந்துசேர்ந்தது என்று ஒரு சின்னப் பதில் அனுப்ப வேண்டுமாம், அந்தப் பதில் வரவில்லை என்றால் ரூட்டர் அதே துண்டை மறுபடி அனுப்பும், அப்போதும் பதில் இல்லை என்றால் இவளுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று வேகத்தைக் குறைத்து நிறுத்தி நிதானமாக அனுப்பும். ம் கொட்டும்போது பேச முடியாது, பேசும்போது ம் கொட்ட முடியாது, காற்று ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒருவர்தான் வாயைத் திறக்கலாம். போதாததற்குப் பக்கத்து வீட்டு ரூட்டர் பேசுகிறது, மாடி வீட்டு ரூட்டர் பேசுகிறது, அண்ணியின் போன் சமையலறையில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது, எல்லாரும் ஓயும் வரை காத்திருந்து இது தன் துண்டை அனுப்புகிறது. அட்டையில் இருக்கும் கணக்கு ம் கொட்டாத கணக்கு. யாரும் குறுக்கே பேசாத, யாரும் யாரிடமும் கேட்கிறதா என்று கேட்காத ஒரு வீட்டின் கணக்கு. அப்படி ஒரு வீட்டில் யார் இருப்பார்கள். வேகத்தில் பாதி ம் கொட்டுவதிலேயே போகிறது என்று எழுதியிருந்ததைப் படித்தபோது வீண் என்று நினைத்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை. பரிதியும் அப்படித்தானே, அவன் கை பேசும்போது நான் தலையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஆட்டுவதை நிறுத்தினால் கையை நிறுத்திவிடுவான், புருவத்தைத் தூக்கி என்ன என்பான், முதலிலிருந்து ஆரம்பிப்பான். நான் தலையாட்டும் அழகுக்காகவே கதையை இழுக்கிறான் என்று ஒருகாலத்தில் நினைத்துக்கொண்டதுண்டு. அதெல்லாம் என் நினைப்பாகவும் இருக்கலாம்.

என் நினைப்பாக இருந்தால். வேண்டாம், அந்தப் பக்கம் போகக் கூடாது என்றால் மனசு அங்கேதான் போகிறது. அவன் நல்லவன், நோகாமல் மறுக்கத் தெரிந்தவன். மறுப்பதற்கு அவனிடம் ஒரு கை இருக்கிறது, எனக்குத் தெரியும். ஒருநாள் அறிவியல் பாடத்தில் ஒரு சொல்லைத் தப்பு என்று அடித்துவிட்டு, அப்புறம் அது சரிதான் என்று தெரிந்து, கீழே மூன்று புள்ளி வைத்து அனுப்பினேன். பரிதி தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒற்றை விரலால் மேசையில் மூன்று தட்டுத் தட்டினான், இருக்கட்டும் என்று. அன்றிலிருந்து அது எங்கள் சொல்லாகிவிட்டது. மழை விட்டதென்று குடையை மடக்கப்போனால் மூன்று தட்டு, இருக்கட்டும், மடக்காதே. நான் போட்டிருந்த கண்ணாடியை மாற்றலாமா என்று கேட்டபோது மூன்று தட்டு, இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் அவனுக்கு இன்னொரு வடை வாங்கப்போனாலும் அதே மூன்று தட்டுதான். இருக்கட்டும், வேண்டாம். தமிழில் இப்படி ஒரு சொல்லை யார் செய்து வைத்தார்களோ, வைத்துக்கொள் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான், முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், முகம் தெரிய நெட் வேண்டும். இன்று அவன் மூன்று தட்டுத் தட்டினால் நான் எதென்று எடுத்துக்கொள்வேன். குடையா, வடையா.

சிரிக்காதே தமயந்தி, நேரமாகிறது. வெப்கேமராவோடு ஒரு நீட்டு ஒயர் வந்ததே, எக்ஸ்டென்ஷன், அது எங்கே, மேசை டிராயரில் இல்லை, பழைய ப்ரூஃப் கட்டுக்குக் கீழே, இதோ. ஒயரின் ஒரு முனையை நீலத் துளையில் செருகி, மறுமுனையில் குச்சியை மாட்டி, இரும்புப் பெட்டியை விட்டு, பீரோவை விட்டு வெளியே இழுத்து வருகிறேன், கதவுக்குப் பக்கத்தில் காலண்டர் ஆணி ஒன்று இருக்கிறது, காலண்டரைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு ஆணியில் குச்சியைத் தொங்கவிடுகிறேன், இங்கிருந்து பார்த்தால் சமையலறை வாசல் வழியாக ரூட்டரின் பச்சை விளக்கு நேராகத் தெரிகிறது. எனக்குத் தெரிந்தால் அதற்கும் தெரியும். மெதுவான பாதையை விட்டுவிட்டு வேகமான பாதையின் பேரை அழுத்துகிறேன், சுற்றுகிறது, சுற்றுகிறது, மாட்டிக்கொண்டது. முள்ளை விடுகிறேன். இருபது. நாற்பது. ஐம்பத்தெட்டு. எழுபத்திரண்டு. கையைத் தட்டப்போய் அண்ணி வந்துவிடுவாரே என்று பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். எழுபத்திரண்டு, நூறு வரும் வீட்டில் எழுபத்திரண்டு, ஆயிரத்து முந்நூறை யார் கேட்டது. வீடியோவுக்கு நான்கைந்து இருந்தாலே போதுமாம், உயரம் முக்கியமில்லையாம், விழாமல் இருந்தால் போதுமாம், முள் ஒவ்வொரு முறை விழும்போதும்தான் கை நின்றுபோகிறது. விழாதே. இன்னும் கொஞ்ச நேரம் விழாதே. முடியை ஒதுக்கிக்கொள்கிறேன், கை நன்றாகத் தெரிகிறதா என்று கேமராவில் பார்க்கிறேன், வளைவு போட்டுப் பார்க்கிறேன், மேலே ஒன்று, கீழே ஒன்று.

வந்துவிட்டான். பச்சைப் பொத்தானை அழுத்துகிறேன், பரிதி. முழுத் திரைக்கும் பரிதி, போனில் கட்டை விரல் அளவுக்குப் பார்த்த ஆளா இது, முடி வெட்டியிருக்கிறான், அவனும் கருநீலச் சட்டைதான் போட்டிருக்கிறான், கை தெரிய வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியிருக்கிறது. நன்றாகத் தெரிகிறதா என்கிறான், தெரிகிறது என்று தலையாட்டுகிறேன், புது நெட்டா என்கிறான், ஆணியில் தொங்கும் குச்சியைக் கேமராவைத் திருப்பிக் காட்டுகிறேன், தோள் குலுங்கச் சிரிக்கிறான். சிரிப்பு அடங்கியதும் நிமிர்ந்து உட்காருகிறான். கையைத் தூக்குகிறான். அவன் விரல் அவன் மார்பைத் தொடுகிறது, பிறகு என்னை நோக்கி வருகிறது, வந்த விரல் பாதி வழியில் கட்டம் கட்டமாகச் சிதறி நிற்கிறது. நின்றேவிட்டது. பரிதியின் முகம் இருந்த இடத்தில் பழுப்பாக நான்கு சதுரம். ஐயோ, இப்போதா. சமையலறையிலிருந்து ஙொய்யென்று ஒரு சத்தம், அது மிக்ஸி இல்லை, மிக்ஸி இப்படிக் கத்தாது. "அண்ணி" என்று கத்துகிறேன். "பால்தாண்டி, சுட வைக்க மறந்துட்டேன், ஒரு நிமிஷம்" என்கிறார் அண்ணி. வேகமான பாதைக்கு மைக்ரோவேவ் ஒன்றும் செய்யாது என்று படித்தேனே, திரையின் மூலையைப் பார்த்தால் இந்தக் குச்சி எப்போது மாறியதென்று தெரியவில்லை, தானாகவே மெதுவான பாதைக்குத் தாவி உட்கார்ந்திருக்கிறது. "அண்ணி, அத நிறுத்துங்க, தயவுசெஞ்சு நிறுத்துங்க." டிங் என்று ஒரு மணி. சதுரங்கள் கலைந்து மறுபடி முகமாகின்றன, கை வருகிறது, கை என்ன செய்துகொண்டிருக்கிறது, ஒற்றை விரல் காற்றில் குத்துகிறது, ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான், கையை இறக்கிவிட்டான்.

இருக்கட்டும். மூன்று தட்டு. வடையா. முகத்தைப் பார்க்கிறேன், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, படம் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது, வேண்டாம் தமயந்தி, இருக்கட்டும், விடு என்று சொல்லிவிட்டான், நல்லவன், நோகாமல் சொல்லிவிட்டான், இதற்கா கருநீலம், இதற்கா ஆணியில் குச்சியைத் தொங்கவிட்டேன். தலையை ஆட்ட வேண்டும், வந்துசேர்ந்தது என்று சொல்ல வேண்டும், தலை ஆட மாட்டேன் என்கிறது. பரிதி புருவத்தைத் தூக்குகிறான். என்ன, நின்றுபோச்சா என்கிறான். நான் ம் கொட்டவில்லை, அதனால் அவன் முதலிலிருந்து ஆரம்பிக்கிறான், அவனுக்கு அதுதானே பழக்கம். படம் இப்போது தெளிந்துவிட்டது, அவன் நகத்தில் மை ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. விரல் அவன் மார்பைத் தொடுகிறது, இல்லை, இது அவன் சொந்தப் பேச்சு இல்லை, நான் சொன்னதைத்தான் அப்படியே சொல்லிக் காட்டுகிறான், நான், நீ, நடுவில் இருந்த காற்றுக்கு மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. அப்படியென்றால் பார்த்திருக்கிறான். போன ஞாயிறே பார்த்திருக்கிறான், பார்த்துவிட்டுத்தான் மறுபடி சொல் என்றிருக்கிறான். அடுத்து நான் போட்ட சுழி, என் பயந்த முகத்தையும் சேர்த்து அப்படியே போட்டுக் காட்டுகிறான், வளைவின் மேல் ஒரு கோடு, ஓரத்தில் சுழி. அப்புறம் குனிந்து, அடித்த அந்த இடத்துக்கு நேர் கீழே, தாளில் வைப்பது போலவே நிதானமாக, ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, இன்னொரு புள்ளி. வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான். நீ அடித்தது தப்பு. அது அங்கேயே இருக்கட்டும்.

வடை இல்லை, குடை. வந்துசேர்ந்துவிட்டது, முழுசாக, ஒரு துண்டுகூடச் சிந்தாமல் வந்துசேர்ந்துவிட்டது, கன்னத்தில் தண்ணீர் இறங்குவதைத் துடைக்கப்போன கையைப் பாதியில் நிறுத்துகிறேன். இப்போது நான் தலையை ஆட்ட வேண்டும். ஆட்டினால் முடிந்துவிடும், அடுத்த பேச்சுக்குப் போய்விடுவான், எப்போது, எங்கே, உன் அண்ணன், என் அம்மா என்று ஆரம்பித்துவிடுவான். நான் ஆட்டவில்லை. அரைக் கண் மூடி, அசையாமல், போன ஞாயிறு அவன் முகம் நின்ற மாதிரியே என் முகத்தை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன். பரிதி திரைக்குப் பக்கத்தில் வந்து பார்க்கிறான், நின்றுபோச்சா என்கிறான், தலையில் அடித்துக்கொள்கிறான், உன் குச்சியும் நீயும் என்கிறான். அப்புறம் தள்ளி உட்கார்ந்து, கையை இன்னும் நன்றாகத் தெரியும்படி தூக்கி, இன்னும் நிறுத்தி நிதானமாக, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான், நான், நீ.

"என்னடி, மைக்ரோவேவ நிறுத்திட்டேன், இப்பவாவது ஸ்பீடு வருதா?" என்கிறார் அண்ணி சமையலறையிலிருந்து.

உதட்டை அசைக்காமல் சொல்கிறேன், "இல்ல அண்ணி, இன்னும் கொஞ்சம் ஸ்லோவாத்தான் இருக்கு."